பைபர் லேசரா, காபனீரொட்சைட்டு லேசரா?

அச்சுவேலிப் பக்கம் வாகன உதிரிப்பாகப் பட்டறை போட நினைக்கும் தம்பிமார் தகடு வெட்டும் லேசர் இயந்திரம் வாங்கமுன் என்னிடம் கேட்பது இதைத்தான். என் விடை பைபர், அதாவது கண்ணாடி இழையில் கதிரை உண்டாக்கும் லேசர்; மற்றது வாயுவில் உண்டாக்குவது.

பம்பர் பிரக்கெட், ஓட்டோவின் தளத்தகடு, லொறிப் பெட்டி என்று இங்கே வரும் வேலையில் பெரும்பங்கு 1 முதல் 3 மில்லிமீற்றர் தகடுதான். அந்தத் தடிப்பில் பைபர் பல மடங்கு வேகமாக வெட்டும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.07 மைக்ரோமீற்றர், மற்றதினது 10.6. குறுகிய அலையை உலோகம் நன்றாக உறிஞ்சும், அதனால் செம்பு, பித்தளை, அலுமினியமும் வெட்டுப்படும். கரண்டும் மிச்சம்: பைபர் இழுக்கும் மின்சாரத்தில் 30 வீதத்துக்கு மேல் கதிராகிறது, மற்றதில் 10 வீதமளவுதான். மாதக் கடைசியில் பில் கட்டுபவருக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் கண்ணாடிகள். காபனீரொட்சைட்டு இயந்திரத்தில் கதிர் கண்ணாடிக்குக் கண்ணாடி தெறித்துத்தான் வெட்டுந்தலைக்கு வரும். ஒன்று கொஞ்சம் விலகினாலே தகட்டின் அடிவிளிம்பில் பிசிறு தொங்கும். விரலால் தடவினால் கீறும். பைபரில் கதிர் இழைக்குள்ளேயே வருகிறது. தலையிலுள்ள காப்புக் கண்ணாடியைத் துப்புரவாக வைத்திருந்தால் சரி.

தடித்த உருக்கில் மழமழப்பான விளிம்பு வேண்டும், அக்ரிலிக்கும் பலகையும் வெட்ட வேண்டும் என்றால் காபனீரொட்சைட்டே நல்லது.

ஒன்று மட்டும்: பைபர் கதிர் விழித்திரை வரை போய்ச் சுடும். மூடிய கூடு இல்லாத மலிவு இயந்திரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.