அக்கா மகனின் போலோ: கரி ட்ராக்கிலும் கானாடுகாத்தான் தெருவிலும்

காரைக்குடியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். மாடிஃபை செய்த கார் எது வந்தாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன் டயரைத்தான். ஸ்டிக்கர், சத்தம், பானெட்டுக்குள் சிவப்புக் குழாய் எல்லாம் அப்புறம். வளைவில் அந்த வண்டி எப்படி நிற்கிறது, காசை எங்கே கொட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் டயரின் ஓரத்திலேயே தெரிந்துவிடும்.

இது என் அக்கா மகன் தயார் செய்த ஃபோக்ஸ்வாகன் போலோவைப் பற்றிய விமர்சனம். சொந்தக்காரன் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. அலைன்மென்டுக்குக் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டி 2021 மாடல், 1.0 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்), ஆறு கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது பவர் 110 பிஎஸ், இழுவை 175 நியூட்டன் மீட்டர், மூன்றே சிலிண்டர். 2022இல் இந்தியாவில் போலோ நின்றுபோனதிலிருந்து நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போகிறது. 'இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?' என்று கேட்பவர்கள் உண்டு. 2010இல் இங்கே போலோ கப் பந்தயம் தொடங்கியபோது ஓடியது 1.6 லிட்டர் டீசல் போலோ, 130 பிஎஸ். இவன் வண்டி இப்போது அந்தக் கணக்கைத் தொட்டுவிட்டது. தினமும் வேலைக்குப் போய்வருவதும் இதே வண்டியில்தான்.

எனக்குப் பிடித்தது வேலை நடந்த வரிசை. நம் பையன்கள் பெரும்பாலும் எக்ஸாஸ்டில் தொடங்கி, மேப் (எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம்) போட்டு, பவரை ஏற்றிவிட்டு, நிறுத்த முடியாமல் முழிப்பார்கள். இவன் காசு சேரச் சேர முதலில் சஸ்பென்ஷன், பிறகு பிரேக், பிறகு ட்ராக்குக்கென்று தனி டயர், எல்லாம் முடிந்த பிறகே ஸ்டேஜ் ஒன் என்கிற முதல்கட்ட மேப் என்று போனான். அவன் போக்கில் எனக்கு இருக்கும் குறைகளைப் பின்னால் சொல்கிறேன், ஆனால் இந்த வரிசையில் கைவைக்க ஒன்றுமில்லை.

சஸ்பென்ஷனில் உயரமும் டேம்பரின் (ஷாக் அப்சார்பர்) இறுக்கமும் மாற்றக்கூடிய காயிலோவர் ஸ்பிரிங் செட் போட்டிருக்கிறான். மேலே கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வை மாற்றும் பிளேட். என் கடையில்தான் செட் செய்தோம். கம்பெனி அமைப்பில் போலோவின் முன் சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்கும். சாலைக்கு அது போதும். ட்ராக்கில் வேகமாகத் திரும்பும்போது பாடி ஒரு பக்கம் சாயும், வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்று அரைபடும். நடுப்பகுதி புதிதாக இருக்க ஓரம் மட்டும் மொட்டையான டயர்களை என் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால், பாடி சாய்ந்த பிறகு டயர் முழுப் பரப்பும் தரையில் உட்காரும். இந்த வண்டிக்கு மைனஸ் 2.2 டிகிரி கொடுத்தேன். அவன் 3 கேட்டான். திங்கட்கிழமை காலையில் வேலைக்கும் இதே வண்டிதானே என்றேன், சரி என்றான்.

சாலையில் இந்தச் சாய்வு உள் ஓரத்தைத் தின்னும் என்று பயப்படுகிறவர்கள் டோவை, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, கவனிப்பதில்லை. டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் தப்பான டோதான். முன்பக்க டோவைச் சரியாகப் பூஜ்ஜியத்தில் வைத்தோம். பிறகு வண்டி வரும்போதெல்லாம் பார்க்கிறேன்: உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ட்விஸ்ட் பீம் என்பதால் அங்கே விளையாட அதிக இடமில்லை.

கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு என்னையும் கூட்டிப்போனான். கோவை செட்டிப்பாளையத்தில், கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் ட்ராக், ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று ஓட்டிக்கொண்டே போய், அங்கே டயர் மாற்றி, ஓட்டி முடித்து, மறுபடி டயர் மாற்றி வீட்டுக்கு வருவதுதான் இந்த வண்டியின் நோக்கமே. பின் சீட்டை மடித்தால் நான்கு சக்கரமும் ஜாக்கியும் உள்ளே அடங்குகின்றன. தைப்பூசச் சமயத்தில் மட்டும் இந்த ரூட்டை நினைக்கவே வேண்டாம். குன்றக்குடியிலிருந்து பழனிவரை காவடியும் நடைப்பயணக் கூட்டமும்தான்.

ட்ராக்கில் இந்த வண்டியின் பெருமை அதன் பிரேக். பேட் மாற்றி, ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டு, ஆயிலையும் மாற்றியிருக்கிறான். ஆயில் விஷயத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்துப் பழசான பிறகு அந்த எல்லை 155 வரைகூட இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். இவன் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் ஊற்றி அடிக்கடி மாற்றுகிறான். சுற்றுக்குச் சுற்று பெடல் ஒரே உயரத்தில் நின்றது. பின்பக்கம் கம்பெனி டிரம்தான், எடை முழுக்க முன்னால் சாய்வதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை மாதிரி 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில், நீண்ட நேர்ச்சாலை முடிவில் இதே பிரேக் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி.

எஞ்சின் நன்றாக இழுக்கிறது, ஆனால் தொடர்ந்து இழுப்பதில்லை. இந்த எஞ்சினில் டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்று எஞ்சினுக்குள் போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு உள்ளேயே இருக்கிறது, தண்ணீரால் குளிரும் வகை. சாலையில் அருமை. ட்ராக்கில் சில வேகமான சுற்றுகளுக்குப் பிறகு சூடு ஏறி, இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கைத் தானே பின்னால் இழுத்து பவரைக் குறைத்துக்கொள்கிறது. வண்டி சோர்ந்தது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு உடனே தெரியும். ஒரு சுற்று மெதுவாகப் போனால் மறுபடி உயிர் வருகிறது. மேப் 95 ஆக்டேனுக்கு எழுதியது, அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் அந்தக் கூடுதல் பவர் பாதி காணாமல் போகும்.

இனி நம் ஊர்ச் சாலை. 25 மில்லிமீட்டர்தான் இறக்கியிருக்கிறான், அதற்கே ஸ்பீட் பிரேக்கர்களில் குறுக்காக ஏற வேண்டியிருக்கிறது. கணக்கில்லாமல் கட்டிவைத்த பிரேக்கர்களுக்கு நம் பக்கம் பஞ்சமே கிடையாது. புளியமர வேர் தள்ளிய இடங்களில் முதுகெலும்பு எண்ணிக்கை தெரிகிறது. டேம்பரை ஒன்றிரண்டு கிளிக் இளக்கினால் பரவாயில்லை, ஆனால் அவன் ட்ராக் செட்டிங்கிலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். வாங்கிய வசதியைப் பயன்படுத்தாத சோம்பேறித்தனம் அது. காலையில் பிரேக் பேட் சூடாகும்வரை கீச்சென்று கத்துவது தனி.

இடையில் ஒரு வெளியூர்க் கடையில் எக்ஸாஸ்ட் மாற்றினான். இவன் வீடு இருக்கும் கானாடுகாத்தானில், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வீட்டுச் சுவர்தான். சத்தம் போக இடமில்லாமல் அங்கேயே சுற்றும். அப்பத்தா முகப்பிலிருந்து, "யாருடா அது, நெல்லு லாரியா?" என்று கேட்டார். ஹைவேயில் 2500 ஆர்பிஎம்மில் காதுக்குள் ஒரு ரீங்காரம் வேறு. இப்போது கம்பெனி சைலன்சர் திரும்ப வந்துவிட்டது. அந்தப் புது எக்ஸாஸ்டைக் கழற்றியதில் ஒரு பிஎஸ்கூடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இந்த வண்டியில் செய்ததில் எது அதற்குள் வரும் என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்து, சாதாரண கார் இன்சூரன்ஸ் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. ட்ராக்கில் சுவரில் சாத்தினால் முழுச் செலவும் நம் தலையில்.

செட்டிநாடு பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. சோழவரத்தில் அப்படிப்பட்ட ஒன்றில்தான் பல வருடம் கார் ரேஸ் நடத்தினார்கள். இங்கேயும் யாராவது முறையாக அனுமதி வாங்கி வருடத்துக்கு ஒரு நாள் நடத்தினால் பல்லடம்வரை போகும் பெட்ரோலாவது மிச்சம்.

வண்டி விலை போக இதுவரை நான்கு லட்சம் ஆகியிருக்கும். அதில் மேப்புக்குப் போனது சின்னப் பங்கு. இந்தக் காசுக்கு இதைவிட வேகமான பழைய கார் கிடைக்கலாம், கரியில் அரை நாள் ஓட்டிவிட்டு அதே இரவில் ஏசி போட்டு வீடு வந்து சேருமா என்பது சந்தேகம்.

அவன் இப்போது பெரிய டர்போ பேச்சு பேசுகிறான். நான் வேண்டாம் என்கிறேன். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க முன் சக்கரம் இப்போதே சும்மா சுற்றுகிறது, இருக்கும் பவரே தரைக்கு இறங்கவில்லை. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் பவரை இரண்டுக்கும் அனுப்பும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல்தான் அடுத்த செலவு. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், அதோடு கிளட்சையும் மாற்றிவிட்டால் லேபர் ஒரே தடவை. "பார்க்கலாம் மாமா" என்றிருக்கிறான்.