உகந்தையா, குடும்பிமலையா?

மட்டக்களப்பில் விடியப்புறம் வெளிக்கிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும், மலையும் காடும் பார்க்கவும் வேண்டும் என்றால் எனக்குத் தோன்றுவது இரண்டு வழிதான். வடமேற்கே கிரான், புலிபாய்ந்தகல் தாண்டிக் குடும்பிமலை. தெற்கே பொத்துவில், பானமை தாண்டிக் கடலோர முருகன் கோயில் இருக்கும் உகந்தை. அம்மம்மா முதல் பிள்ளைகள் வரை எல்லோரையும் வேனில் ஏற்றியபோது நாங்கள் உகந்தைக்கே போனோம்.

தூரத்தைப் பார்த்தால் இது புத்தியான முடிவாகத் தெரியாது. உகந்தைக்கு 130 கிலோமீற்றருக்கு மேல். குடும்பிமலைக்கு அதில் பாதிகூட வராது. மலை என்று பார்த்தாலும் குடுமி மாதிரி எழுந்து நிற்கும் அந்தப் பாறைதான் எடுப்பு. மேலே நின்றால் வயலும் குளமும் காடும் விரிந்து கிடக்கும்.

எங்களுக்கு விசயம் திரும்பி வருகிற ரோடுதான். குடும்பிமலையில் இருந்து கிரான் வரை வயல், மேய்ச்சல் தரை, பற்றைக்காடு. கடைகள் குறைவு. கிறவல் ரோட்டில் ஆனை லத்தி ஈரமாகக் கிடந்தால் பொழுது படும்வரை நிற்க மனம் வராது. மூன்று மணிக்கே இறங்க வேண்டும், அதாவது உச்சி வெயிலில் ஏற வேண்டும். மாரியில் வெள்ளம் வந்தால் கிரான் ரோடே மூழ்கி, ஆட்கள் தோணியில் போவார்கள். மாரி காலத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை.

உகந்தைப் பக்கம் பயப்பட வேண்டிய துண்டு, பானமைக்கும் கோயிலுக்கும் இடையிலான காட்டு ரோடு. நாலரைக்குள் அதைக் கடந்துவிட்டால் மிச்சம் தார் ரோடு. சங்கமன்கண்டிப் பக்கம் காடு கிட்ட வரும், அங்கே மட்டும் மெதுவாகப் போங்கள். இலங்கையின் கிழக்கு எல்லை முனையும் அங்கேதான். அப்புறம் திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வெளிச்சமும் பிளேன்டீயும் வீடு வரைக்கும் உண்டு. இருட்டினாலும் பரவாயில்லை.

முருகன் கோயிலுக்குப் பின்னால் பாறையில் சுனைகள். பிள்ளைகள் தலைப்பிரட்டை பார்த்துக்கொண்டு குந்திவிட்டார்கள், எழுப்பவே முடியவில்லை. ஏற முடியாத அம்மம்மாவுக்குக் கோயில் நிழலும் கடற்காற்றும் போதுமாக இருந்தது. குடும்பிமலையில் அவர் வேனுக்குள்தான் இருந்திருப்பார். சோற்றுப் பார்சலைக் குரங்குக்குக் காட்டாதீர்கள்.

கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் குமண காட்டுக்குள் இறங்குவது இங்கிருந்துதான். அந்த நெரிசலில் வேன் நிறுத்த இடம் தேடியே பொழுது போகும், ஆவணியில் போங்கள். பெற்றோலைப் பொத்துவிலிலேயே அடித்துவிடுங்கள்.

வாலிபர் நாலு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், வெள்ளன ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுவோம் என்றால், சரி, குடும்பிமலைக்கே போங்கள்.