வழுக்கும் தரையில் வயதான நாய்: சாக்ஸா, ரப்பர் வளையமா, பாயா?

பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் எங்கும் வழவழ விட்ரிஃபைடு டைல்ஸ், இல்லையென்றால் கிரானைட். 12 வயது லேப்ரடார் அதில் எழப் பார்க்கும்போது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்துகொண்டே போகும். நாலு தடவை விழுந்துவிட்டால் பயம் வந்துவிடும். பாவம், தாகம் எடுத்தாலும் கிண்ணத்துக்குப் போகாது. வயசாயிடுச்சு, சோம்பல் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

எதையும் வாங்குமுன் நகத்தை வெட்டுங்கள். நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நகம் நீளம். பாதம் முழுசாகப் பதியாது. விரலிடுக்கு முடியையும் முனை மழுங்கிய கத்தரியால் மட்டமாக்குங்கள்.

ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் மலிவு. ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் திருகிக்கொள்ளும். புள்ளி மேலே, வெறுந்துணி கீழே. அப்போது முன்னைவிட மோசமாக வழுக்கும். நாள் முழுக்க மாட்டிவைத்தால் வியர்வையில் விரலிடுக்கு புண்ணாகும். காலை இழுத்து நடக்கும் நாய்க்குத் தோல் உரியாமல் இருக்க மட்டும் போடலாம்.

நகத்தில் மாட்டும் ரப்பர் வளையம் அளவு பொருந்தினால் நல்ல பிடி தரும். தளர்ந்தால் கழன்று விழும், நாய் விழுங்கிவிடும். பாதத்தைத் தொடவிடாத நாய்க்குச் சரிப்படாது.

எங்கள் தேர்வு பாய்தான். ஜமக்காளம் அல்ல, அதுவே டைல்ஸில் ஓடும். சாதாரண 6 மி.மீ. யோகா பாய், 2 அடி அகலம். தடிமன் கூடிய மெத்துமெத்துப் பாயில் கால் அமுங்கித் தடுமாறும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல் என்று இடைவெளி விடாமல் விரியுங்கள். முக்கியமாக எழுந்திருக்கும் இடத்திலும் திரும்பும் மூலையிலும் நாலு காலும் பாய்மேல் இருக்க வேண்டும். ஓரம் சுருண்டால் கால் இடறும்; இருபக்க டேப் ஒட்டுங்கள். அடியில் தூசி சேர்ந்தால் பாயே நகரும், வாரம் ஒருமுறை புரட்டித் துடைக்கணும். மூத்திரம் போனால் பினாயில் வேண்டாம், பாதத்தை நக்கும் பிராணி; லேசான சோப்புத் தண்ணீர் போட்டு நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும்.

படியில் பாய் உதவாது. குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, தொடைக்கு முன்னால் வயிற்றடியில் கொடுத்துப் பாரத்தை மட்டும் தாங்குங்கள். பின்புறம் முதுகு மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. ஆண் நாய்க்குத் துண்டு சிறுநீரை மறிக்கும், அந்த நேரம் இறக்கிவிடுங்கள்.

பின்பாதம் மடங்கி மேற்புறம் தரையில் உரசினால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வழக்கமான டாக்டரிடமோ உடனே கொண்டுபோங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுபுரூஃபனைக் கொடுத்துவிடாதீர்கள். குடல் புண்ணாகும், சிறுநீரகம் போய்விடும்.