பழைய ஸ்பிளெண்டரும் கிளட்ச் ஒயரும்: புதுக்கோட்டையில் பார்த்த மூன்று கடைகள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்கும் நம் ஆட்களில் பாதிப் பேர் வாடகைக் காருக்குச் செலவழிப்பதில்லை, வீட்டில் நிற்கும் பழைய பைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த ரகத்துக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோவில், கல்யாணம், பத்திரப்பதிவு ஆபீஸ் என்று எதற்குப் போனாலும் இந்த வண்டிதான் கை கொடுக்கும், ஆனால் நாம் வருவதற்கு முன் எத்தனை மாதம் அது ஓடாமல் நின்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

எனக்குக் கிடைத்தது மாமாவின் ஸ்பிளெண்டர். 1999 மாடல், ஹீரோவும் ஹோண்டாவும் ஒன்றாக இருந்த காலத்து வண்டி, 97.2 சிசி, நாலு கியர், நாலும் முன்னால் அழுத்துவது. அங்கே சிங்கப்பூரில் 10 வருடம் ஆனால் சிஓஇ-யை, அதாவது வண்டி வைத்துக்கொள்ள அரசு தரும் உரிமச் சான்றிதழை, புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்பதால் இந்த வயது வண்டி அபூர்வம். இங்கே 15 வருடம் முடிந்ததும் ஆர்சியைப் புதுப்பித்து, அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிக்கொண்டே ஓட்டலாம். மாமா அதை ஒழுங்காகச் செய்திருந்தார். கிளட்ச் ஒயருக்கு எண்ணெய் விடுவதைத்தான் மறந்துவிட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் ரோட்டில், நமணசமுத்திரம் தாண்டியதும் ஒரு வேகத்தடைக்காகக் கிளட்சைப் பிடித்தேன். டப்பென்று ஒரு சத்தம், லீவர் கையோடு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி இரண்டு உதறு உதறி நின்றது. அந்த இடத்தில் நிழல்கூடக் கிடையாது.

கிளட்ச் இல்லாமலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம், ரோடு காலியாக இருந்தால். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டி நடை வேகத்துக்கு வந்ததும் முதல் கியரை அழுத்த வேண்டும். ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு ஓடும். மேல் கியருக்குப் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரு நொடி விட்டு அடுத்த கியரைத் தட்டினால் அநேகமாக விழுந்துவிடும். கியரை இறக்குவதுதான் சிக்கல், நிற்பதற்கு முன்னாலேயே குதிகாலால் ஒவ்வொன்றாகத் தட்டி நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். பின்னால் ஆள் இருந்தாலோ டவுனுக்குள்ளோ இந்த வேலையே வேண்டாம். நான் அப்படியே வண்டியைத் திருப்பி ஊர்ந்து வந்து ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன்.

அந்தப் பஞ்சர் கடை அண்ணன் லீவரின் ரப்பரை ஒதுக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "குண்டுகிட்ட அந்து போச்சு தம்பி." ஒயரின் முனையில் ஒரு சின்ன உருளை இருக்கும், அது லீவரின் குழிக்குள் உட்கார்ந்து, நாம் பிடிக்கும்போதெல்லாம் லேசாகத் திரும்ப வேண்டும். கிரீஸ் காய்ந்துபோனால் உருளை திரும்பாது, அதற்குப் பதிலாக ஒயர் அதே இடத்தில் மடங்கி மடங்கி, ஒவ்வொரு இழையாக அறும். கையில் வாங்கிப் பார்த்தேன், பாதி இழைகளின் முனை துருவேறிப் பழுப்பாக இருந்தது, மீதி மட்டும் பளபளவென்று. அதாவது பாதி ஒயர் எப்போதோ அறுந்துவிட்டது, மிச்சத்தில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முந்தின நாளே லீவர் கொஞ்சம் கனத்துப் போயிருந்தது, அதுதான் அறிகுறியாம்.

அவரிடம் புது ஒயர் இல்லை. ஆனால் இன்ஜின் பக்கம் கீழே இருக்கும் அட்ஜஸ்டர் நட்டை முழுசாக லூஸ் செய்தார், அவுட்டர் என்கிற வெளி உறை இறங்கியதில் மேலே கொஞ்சம் இன்னர், அதாவது உள்ளே ஓடும் ஒயர், வெளியே வந்தது, அதைக் கட்டிங் பிளையரால் இழுத்து, திருகு வைத்த பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டி இறுக்கிவிட்டார். முப்பது ரூபாய். "டவுன் வரைக்கும் தாங்கும், சும்மா சும்மா புடிக்காதீங்க." தாங்கியது.

டவுனில் முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்று. ஏசி, காபி மெஷின், கையில் டேப்லெட் வைத்த பையன், எல்லாம் ஜோர். ஜாப் கார்டு போட வேண்டும், வாட்டர் வாஷ் சேர்த்துத்தான் எடுப்போம், ஓல்டு மாடல் என்பதால் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுவது நல்லது சார், வண்டி நாளைக்குச் சாயங்காலம். ஒரு ஒயருக்கா? ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுடைய முறை அப்படி, புது வண்டிக்கு வாரண்டியும் ஃப்ரீ சர்வீஸும் செய்யும் இடம் அது. லீவில் வந்தவனுக்கு அது சரிப்படாது. நான் வண்டியையே விடவில்லை, இருந்தும் அன்று சாயங்காலம் "எங்கள் சேவை எப்படி" என்று போன் வந்தது, பத்துக்குப் பத்து போடச் சொல்லி.

அப்புறம் கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஸ்பிளெண்டர் என்றதும் கவுண்டரிலிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்தார். லோக்கலா ஒரிஜினலா என்பதுதான் கேள்வி. விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது, தயவுசெய்து ஒரிஜினலே வாங்குங்கள். வாங்கும்போது பழைய ஒயரின் அவுட்டரோடு நீளத்தை ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியது பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் கடையில். பெரியவர் சாப்பிடப் போயிருந்ததால் அங்கிருந்த பையனே மளமளவென்று மாட்டிக் கொடுத்தான். லீவர் கல் மாதிரி டைட்டாக, ஆட்டமே இல்லாமல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருமயம் பெருமாள் கோவிலுக்குக் கிளம்பினால், மூன்றாவது கியரில் முறுக்க முறுக்கச் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. "என்னப்பா இது, வண்டியிலயா போறோம், ஊரெல்லாம் எழுப்பிக்கிட்டா போறோம்" என்றார் அத்தை. திருப்பிக்கொண்டு அதே கடைக்கு வந்தேன், இந்தத் தடவை பெரியவர் இருந்தார்.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை முதலில். இன்ஜினை ஓட விட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பினார். வலது பக்கம் திருப்பும்போது லீவர் தானாக லேசாக இழுபட்டது. ஒயர் போக வேண்டிய வழியில் போகாமல் ஹெட்லைட் பக்கம் சுற்றிப் போயிருந்தது. அதைக் கழற்றிப் பழைய பாதையிலேயே விட்டார். அப்புறம் கீழே லாக் நட்டைத் தளர்த்தி, லீவர் நுனியில் ஒரு விரல் கனத்துக்குச் சும்மா ஆடுகிற மாதிரி வைத்து இறுக்கினார். கம்பெனிக் கணக்கில் அது 10 முதல் 20 மி.மீ. அந்த ஆட்டம் இல்லையென்றால் பிளேட் முழுசாகச் சேராது, வழுக்கும், வழுக்கி வழுக்கியே கருகிப் போகும். ஆட்டம் அதிகமானால் எதிர்மாறு, பிளேட் முழுசாக விலகாது, கியர் கடகடவென்று விழும், சிக்னலில் நியூட்ரல் தேடியே பச்சை போய்விடும். ஆக, அந்த சர்வீஸ் சென்டர் சொன்ன கிளட்ச் பிளேட் செலவை, அந்த டைட்டான ஒயரோடு இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் நிஜமாகவே செய்திருப்பேன்.

"புது ஒயர் கொஞ்சம் இழுபடும், நாலு நாள் ஓட்டிட்டு வாங்க, மறுபடி பாத்துத் தர்றேன்" என்றார். கூலி கேட்டால் வேண்டாம், பையன் செஞ்ச வேலைதானே என்றார். வற்புறுத்தி ஐம்பது கொடுக்கப் பார்த்தேன், கையில் இருந்ததோ ஐந்நூறு ரூபாய் நோட்டு, அவரிடம் சில்லறை இல்லை, சுவரில் க்யூஆர் ஒட்டியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனியுங்கள். 2023-லிருந்து சிங்கப்பூர் போன் நம்பரை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ என்று வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு யுபிஐ எடுக்கலாம். ஆனால் எல்லா வங்கியிலும் எல்லா ஆப்பிலும் இது கிடையாது, ஊருக்குக் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். டீக்கடை, பஞ்சர் கடை எல்லாம் இப்போது அந்த ஸ்பீக்கர் பெட்டி கத்தினால்தான் நம்புகிறார்கள். எனக்கு அன்றைக்கு வேலை செய்தது.

நாலு நாள் கழித்துப் போனபோது லீவர் நிஜமாகவே லூஸாகியிருந்தது, பெரியவர் நட்டில் ஒரு சுற்று கொடுத்தார், உருளைக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்தார். கூடவே இன்னொரு ஒயர் வாங்கி வந்திருந்தேன், அதைப் பழைய ஒயருக்குப் பக்கத்திலேயே வழி பார்த்து விட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைக்கச் சொன்னேன். நீண்ட தூரம் போகிறவர்கள் செய்கிற வேலையாம் இது, அறுந்தால் முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் பிளையரும் இருந்தால் நாமே செய்யலாம். அந்த இரண்டும் மாமாவின் டூல்ஸ் பாக்ஸில் இல்லை, வாங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.