நைட் ரோடு வேலைக்கு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்: எது வாங்கலாம், எது வேணாம்

சென்னை ஓஎம்ஆர் ரோட்ல நைட்ல கேபிள் பள்ளம் தோண்டுற நம்ம ஆளுங்களுக்காக பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடைல ரெண்டு டைப் வாங்கினோம். சீப்பா கிடைக்குற அந்த வலைத்துணி ஆரஞ்சு ஜாக்கெட்ட தயவுசெஞ்சு வாங்காதீங்க, வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை ஒரு இன்ச்சு அகலம் கூட இல்ல, துவைக்க துவைக்க உரிஞ்சு வருது, தண்ணி லாரிக்காரருக்கு கிட்ட வர்ற வரைக்கும் உள்ள ஆள் இருக்குறதே தெரியாது.

காசு ஜாஸ்தியான இன்னொன்னு உண்மையிலேயே நல்லாருக்கு. ஐஎஸ்ஓ 20471ங்கிற சர்வதேச பாதுகாப்பு உடை தரம் சொல்ற மாதிரி 50 மிமீ பட்டை, இடுப்ப சுத்தியும் தோள் மேலயும் வருது. அந்த பட்டைல இருக்குற பொடி கண்ணாடி மணிங்க ஹெட்லைட் வெளிச்சத்த வந்த பக்கமே திருப்பி அனுப்புது, அதனால தான் தூரத்துலயே பளிச்சுனு தெரியுது, ஆனா சேறு படிஞ்சா வேலைக்கு ஆகாது, ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஈரத்துணில தொடச்சிடுங்க. குறைன்னா புழுக்கம். நம்ம ஊர் வெக்கைல கழட்டி வச்சிடுறாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் மனசு வரல.

அதே கடைல ரோட்ல தடுப்புக்கு வைக்குற கோன் வாங்கினா ரப்பர் அடிப்பாகம் கனமா இருக்குறத கேளுங்க, லேசானது பஸ் போற காத்துக்கே சாஞ்சிடுது.

ஜாக்கெட் மட்டும் போட்டா போதும்னு எந்த கான்ட்ராக்டரும் நினைக்காதீங்க ப்ளீஸ். ரோடு வேலை நடக்குற இடத்துக்கான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டி ஐஆர்சி எஸ்பி 55ல முதல்ல தூரத்துல எச்சரிக்கை போர்டு, அப்புறம் வண்டிய மெல்ல ஒதுக்குற இடம், அதுக்கப்புறம் தான் வேலை நடக்குற இடம்னு தெளிவா இருக்கு.

ஜாக்கெட்டுக்கு 4 ஸ்டார், எக்ஸ்எல் சைஸ் சீக்கிரம் தீந்துடுது, போன் பண்ணிட்டு போங்க.