பெத்லகேம் வானத்தைத் திரையில் திறந்து பார்க்க: ஸ்டெல்லேரியம் மதிப்பீடு

இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (வானம் பார்த்த அறிஞர்கள்) கண்டதாக மத்தேயு சுவிசேஷம் சொல்வதுதான் பெத்லகேம் நட்சத்திரம். கிறிஸ்துமஸ் நெருங்கினாலே "அந்த நட்சத்திரம் இதுதான்" என்று ஒரு தேதியும் ஒரு கிரகச் சேர்க்கையும் சுற்றுக்கு வந்துவிடும். ஒருவர் கி.மு. 7 என்பார், இன்னொருவர் கி.மு. 2 என்பார். இருவரிடமும் அழகான படங்கள் இருக்கும். அந்தப் படங்களை நம்புமுன் அதே இரவை நாமே திறந்து பார்த்துவிடலாம். அதற்கு ஸ்டெல்லேரியம் மிகப் பொருத்தமான மென்பொருள். இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவிய பிறகு இந்த வேலைக்கு இணையம் தேவைப்படாது. கைபேசிப் பதிப்பும் உண்டு; ஆனால் இங்கே சொல்வதெல்லாம் கணினிப் பதிப்புக்கே பொருந்தும்.

இது "இதுதான் அந்த நட்சத்திரம்" என்று எதையும் சுட்டிக்காட்டாது. கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் வானம் எப்படி இருந்தது என்று மட்டுமே காட்டும். வேதாகம வகுப்பு எடுப்பவருக்கு அதுதான் வேண்டும். முடிவு செய்ய வேண்டியது மத்தேயு 2ஆம் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் வாசகர்.

நிறுவியவுடன் அப்படியே பழைய தேதிக்குத் தாவினால் தவறான வானம்தான் கிடைக்கும். முதலில் இடம். எஃப்6 விசையை அழுத்தி பெத்லகேமைத் தேடுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் ஒரு பெத்லகேம் இருக்கிறது, பெயரை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்துவிட வேண்டாம். அகலாங்கு வடக்கு 31.70, நெட்டாங்கு கிழக்கு 35.20 என்று கையால் கொடுத்துவிட்டால் சந்தேகமே இல்லை. சாஸ்திரிகள் பாபிலோனிலிருந்து வந்தார்கள் என்று வைத்துப் பார்க்க விரும்பினால் 32.54, 44.42. அதே சாளரத்தில் நேர மண்டலத்தை எல்எம்எஸ்டி என்று மாற்றுங்கள். அது உள்ளூர்ச் சூரிய நேரம். நண்பகல் 12 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். இன்றைய கடிகார மண்டலங்கள் அந்தக் காலத்தில் கிடையாது.

அடுத்தது நிலக்காட்சி. மென்பொருள் திறக்கும்போது வரும் நிலக்காட்சி ஒரு பிரெஞ்சுக் கிராமம். அதன் மரங்கள் அடிவானத்தை மறைக்கும். விடியலில் கிழக்கே தாழ்வாகத் தோன்றும் கிரகத்தைத் தேடுகிற நமக்கு அதுவே பெரிய இடைஞ்சல். எஃப்4 சாளரத்தில் நிலக்காட்சிப் பகுதிக்குப் போய், மரமோ வீடோ இல்லாத வெற்று அடிவானத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே வானம் பகுதியில் ஒளி மாசு அளவை 1க்கு இறக்குங்கள். மின்விளக்கே இல்லாத காலத்து வானம் அது.

எல்லாரும் இடறுவது ஆண்டில்தான். எஃப்5 சாளரத்தில் கி.மு. 7ஐப் பார்க்க −7 என்று போட்டால் கி.மு. 8 வந்து நிற்கும். வானியல் கணக்கில் 0 என்ற ஆண்டு உண்டு, அதுதான் கி.மு. 1. ஆகவே கி.மு. எண்ணில் ஒன்றைக் கழித்து, முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். கி.மு. 7க்கு −6, கி.மு. 4க்கு −3, கி.மு. 2க்கு −1. தேதி ஜூலியன் நாட்காட்டியில் வருகிறது. நம் கிரிகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டினால் அந்தக் காலகட்டத்தில் இரண்டு நாள் விலகும். ஆராய்ச்சி நூல்கள் பெரும்பாலும் ஜூலியன் தேதியையே தருவதால் இதை மாற்றத் தேவையில்லை.

இப்போது ஆண்டு −6, மே 28, விடியலுக்கு ஒரு மணி நேரம் முன். கிழக்கே மீன ராசியில் வியாழனும் சனியும் அருகருகே நிற்கும். சமன் குறி விசை ஒரு நாள் முன்னே தள்ளும், கழித்தல் குறி விசை ஒரு நாள் பின்னே இழுக்கும். இரவு பகல் மாறாமல் ஒரே நேரத்தில் நாட்கள் மட்டும் ஓடும். இரண்டு கிரகங்களும் விலகி, வக்கிர கதியில் (பின்னோக்கி நகர்வதுபோல்) திரும்பி, செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் மறுபடி நெருங்கும். டிசம்பர் முதல் வாரத்தில் மூன்றாம் முறை. கொம்பு போல வளைந்து திரும்பும் அந்தப் பாதையைப் பார்க்க எஃப்4 சாளரத்தின் சூரியக் குடும்பப் பகுதியில் கோள்களின் தடத்தை இயக்குங்கள். கண்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் விண்மீன்கள் அசையாமல் நிற்க, கிரகங்கள் மட்டும் நகர்வது தெளிவாகத் தெரியும். ஒரே பார்வையில் வக்கிரம் என்றால் என்ன என்று வகுப்புக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கோண அளவு என்ற செருகுநிரலும் இங்கே தேவை. எஃப்2 சாளரத்தில் செருகுநிரல் பகுதியில் அதை இயக்கி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். இரு கிரகங்களுக்கும் இடையே சுட்டியை இழுத்தால் ஏறத்தாழ 1 பாகை வரும். முழுநிலவின் அகலத்தைப் போல இரு மடங்கு. மூன்று சேர்க்கையிலும் அவை ஒன்றாகக் கலக்கவே இல்லை. "இரண்டும் சேர்ந்து ஒரே பேரொளியாகத் தெரிந்தது" என்று எழுதுபவர்கள் இந்த அளவை எடுத்துப் பார்க்காதவர்கள்.

1603 டிசம்பரில் வியாழன்–சனி சேர்க்கையைப் பார்த்த வானியலாளர் கெப்ளர், 1604இல் அதே பகுதியில் ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியதையும் கண்டார். பின்னோக்கிக் கணக்கிட்டு கி.மு. 7க்கு வந்து சேர்ந்தார். ஆனால் சேர்க்கையே அந்த நட்சத்திரம் என்று அவர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சேர்க்கையை ஒட்டி ஒரு புதிய நட்சத்திரம் உண்டானது என்பதே அவர் எண்ணம். அந்த ஆண்டுக்கான பாபிலோனியப் பஞ்சாங்கக் களிமண் பலகைகளும் கிடைத்துள்ளன. இரு கிரகங்களும் மீனத்தில் இருக்கும் என்று அவை குறிக்கின்றன, சேர்க்கையைத் தனிச் சிறப்பாக எதுவும் சொல்லவில்லை. மீனம் இஸ்ரவேலுக்குரிய ராசி என்று வாதிட்ட யூத அறிஞர் அபர்பனேல் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கி.மு. 7ஐ விரும்புகிறவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கி.மு. 2 கட்சிக்கு ஆண்டு −1, ஜூன் 17, சூரியன் மறைந்த பிறகு மேற்கு. சிம்மத்தில் வெள்ளியும் வியாழனும் ஒட்டி நிற்கும். வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாத நெருக்கம். சுட்டிச் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கினால் மட்டுமே இரு வட்டுகள் தெரியும். பார்வைக்கு இதற்கு ஈடு வேறு இல்லை. அதற்கு முந்தைய செப்டம்பர் முதல் மே வரை வியாழன், 'சிற்றரசன்' என்று பெயர் கொண்ட ரெகுலஸை, அதாவது நம் மக நட்சத்திரத்தை, மூன்று முறை கடந்ததையும் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

அழகு ஒருபுறம், இயேசு பிறந்தபோது யூதேயாவை ஆண்ட அரசன் ஏரோதின் மரணம் மறுபுறம். அவன் சாவதற்கு முன் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். ஆண்டு −3, மார்ச் 13, நள்ளிரவு தாண்டியபின் நிலவைப் பெரிதாக்குங்கள். பூமியின் நிழல் ஒரு பகுதியைக் கவ்வும். ஆய்வாளரில் பெரும்பாலோர் ஏற்பது இந்தக் கி.மு. 4ஐத்தான். அது சரியென்றால் கி.மு. 2 நிகழ்ச்சிகள் அத்தனையும் ஏரோது இறந்த பிறகு நடந்தவை. மாற்றுக் கருத்தாளர்கள் காட்டுவது ஆண்டு 0, ஜனவரி 10இன் முழுக் கிரகணம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினால், நட்சத்திர விவாதம் பாதிக்குமேல் இந்தக் கிரகண விவாதத்தின்மேல் நிற்கிறது என்பது வகுப்புக்குத் தானாகவே விளங்கிவிடும்.

கி.மு. 6 ஏப்ரல் 17 இன்னொரு நல்ல பாடம். ஆண்டு −5. மேஷத்தில் நிலவு வியாழனை மறைக்கும். ஏ விசையால் வளிமண்டலத்தை அணைத்தால் திரையில் பிரமாதமாகத் தெரியும். மறுபடி அதே விசை: பட்டப்பகல், ஒன்றுமே தெரியாது. வளிமண்டலத்தை அணைத்து வைத்த நிலையில் படம் எடுத்து "சாஸ்திரிகள் கண்ட காட்சி" என்று போடுவதுதான் இந்த மென்பொருளைக் கொண்டு செய்யப்படும் மிகப் பெரிய தவறு. கிரகப் பாதையை ஆராய அணைக்கலாம். கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேட்கும்போது வளிமண்டலமும் ஜி விசையால் வரும் தரையும் இருந்தே ஆக வேண்டும். ஆயினும் சாஸ்திரிகள் கணக்கறிந்தவர்கள், கண்ணால் காணாமலே மறைப்பை அறிந்திருக்கலாம் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

வெளிப்படுத்தின விசேஷம் 12இல் வரும் சூரியனை அணிந்த ஸ்திரீயை கி.மு. 3 செப்டம்பர் 11இன் வானத்தில் காண்பவர்கள் உண்டு. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று அதே பருவத்துக்குப் போய்ப் பாருங்கள். சூரியன் கன்னி ராசியில் நிற்க, கன்னியின் பாதத்தருகே மெல்லிய பிறை வருவது ஆண்டுதோறும் நடப்பது.

குறைகளுக்கு வருவோம். வால்நட்சத்திரங்களுக்கு இதை நம்பக்கூடாது. ஹாலி வால்நட்சத்திரம் கி.மு. 12இல் வந்தது உண்மை. ஆனால் இன்றைய பாதைக் கணக்கை இரண்டாயிரம் ஆண்டு பின்னே ஓட்டினால் கிரகங்களின் இழுப்பால் ஏற்பட்ட மாற்றங்கள் அதில் சேராமல் தவறான இடத்தில் நிற்கும். கி.மு. 5இல் எழுபது நாளுக்கு மேல் தெரிந்ததாகச் சீனர்கள் பதிந்த வால்நட்சத்திரத்தைக் கொண்டுவரவே முடியாது, அதன் பாதை தெரியாது. பூமியின் சுழற்சி அன்று இன்றைவிட வேகம். அந்தத் திருத்தம் கி.மு. காலத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதை மென்பொருளே சேர்த்துவிடும், ஆனால் சில நிமிடப் பிழை மிஞ்சும். இரவைத் தேர்வதில் இது ஒன்றும் செய்யாது. "இந்த நிமிடத்தில் அடிவானத்தைத் தொட்டது" என்று அடித்துச் சொல்ல மட்டும் கூடாது.

ராசி எல்லையும் கவனம் கேட்கிறது. வரையப்படும் எல்லைக்கோடுகள் 20ஆம் நூற்றாண்டில் வகுத்தவை. எஃப்4இல் வானப் பண்பாடு பகுதியில் பாபிலோனிய வானத்தைத் தேர்ந்தால் சாஸ்திரிகளின் கண்ணுக்கு நெருக்கமான உருவங்கள் கிடைக்கும். இந்த ஒரு வசதிக்காகவே மென்பொருளை நிறுவலாம்.

இனி மத்தேயு 2இன் வசனங்கள். "கிழக்கிலே அவருடைய நட்சத்திரத்தைக் கண்டு" என்ற இரண்டாம் வசனத்தில் 'கிழக்கு' என்பதற்கான கிரேக்கச் சொல் ஒருமையில் வருகிறது. முதல் வசனத்தில் திசையைக் குறிக்கும்போது பன்மை. எனவே "அதன் உதயத்தில் கண்டோம்" என்று படிப்பவர்கள் பலர்: சூரியனோடு மறைந்திருந்த கிரகம் விடியலுக்குச் சற்று முன் மீண்டும் தலைகாட்டும் வைகறை உதயம். ஆண்டு −6, மார்ச் நடுவிலிருந்து தினமும் சூரியோதயத்துக்கு 40 நிமிடம் முன் கிழக்கைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினால் வியாழன் வெளிப்படும் நாளைப் பிடித்துவிடலாம்.

ஒன்பதாம் வசனம்தான் கடினம். நட்சத்திரம் "முன் சென்றது", "வந்து நின்றது". வக்கிரம் தொடங்கும்போதும் முடியும்போதும் கிரகம் நிற்பதையே இது குறிக்கிறது என்பார்கள்; கி.மு. 2 டிசம்பர் 25இல் வியாழன் நின்றதாகப் பிரபலமான கூற்று ஒன்றும் உண்டு. ஓட்டிப் பாருங்கள்: அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பல நாட்கள் வெறுங்கண்ணுக்கு அசைவே தெரியாது. ஒரு தேதியை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. அது நிற்பதும் மற்ற விண்மீன்களின் நடுவேதான். அந்த இரவிலும் அது கிழக்கே எழுந்து மேற்கே விழும். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ தெற்கே 8, 9 கிலோமீட்டர். தெற்கே உயரத்தில் கிரகம் நிற்கும் நேரத்தைக் காட்டிப் பொருத்துபவர்கள், ஒவ்வொரு கிரகமும் தினமும் ஒருமுறை தெற்கைக் கடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். ஒரு வீட்டை அடையாளம் காட்டும் ஒளி எந்தக் கிரகத்தாலும் ஆகாது. இந்த வசனத்தை அற்புதமாக வாசிப்பவர்களை மென்பொருள் மறுக்கவில்லை. கிரகத்தைக் கொண்டு விளக்குபவர்களிடம்தான் கூடுதல் கேள்வி கேட்கிறது.

சாஸ்திரிகளை நட்சத்திரம் கொண்டுவந்து சேர்த்தது எருசலேமுக்கு. ஊரின் பெயரைச் சொன்னது மீகா 5:2. முதல் இரண்டு அதிகாரங்களில் தீர்க்கதரிசனங்களை வரிசையாகச் சுட்டும் மத்தேயு, "ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்" என்ற எண்ணாகமம் 24:17ஐச் சுட்டவே இல்லை. லூக்காவில் மேய்ப்பருக்குக் கொடுத்த அடையாளம் வானத்தில் இல்லை. துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்திய பிள்ளையே அடையாளம். ஆகவே வகுப்பில் மேய்ப்பர்களை நட்சத்திரக் காட்சியில் சேர்க்காமல் இருப்பதே சரி.

நாற்பது நிமிட வகுப்புக்கு மூன்று இரவுகள் போதும்: −6 மே, −3 மார்ச் கிரகணம், −1 ஜூன். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே திறந்து, இடமும் ஆண்டும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒளிப்படக் காட்டியில் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும். எஃப்4இல் விண்மீன் அளவைச் சற்றுக் கூட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டால் பின்வரிசைக்கும் தெரியும். ஆண்டுக் கணக்கைப் பலகையில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் பாதி வகுப்பு "ஏன் −6?" என்ற கேள்வியிலேயே ஓடிவிடும்.