பத்தொன்பதாயிரம் ரூபாய் ட்ரைபாடும் பெசன்ட் நகர் உப்பும்

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போகிறவர் என்றால் இந்த மாதிரி கார்பன் ஃபைபர் (கரி நார்) ட்ரைபாடை, அதாவது கேமராவை நிறுத்தும் முக்காலியை, தாராளமாக வாங்கலாம். சென்னையில் இருந்துகொண்டு வாராவாரம் கடற்கரையில் முழங்கால் நனைய நின்று படம் எடுக்கிறவர் என்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் அலுமினியத்தை வாங்குங்கள். இது எனக்குப் புரிய மூன்று வருடமும் ஒரு காலும் செலவாயிற்று. என் கால் இல்லை, அதன் கால்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. பயம் ஒன்றும் கிடையாது. இதே அச்சில் வார்த்த மாதிரி நாலைந்து கம்பெனிகள் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள், அதனால் ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை தேவலாம் என்று நினைத்துவிடுவீர்கள். என்னிடம் இருப்பது நாலு துண்டுக் கால், மேலிருந்து 28, 25, 22, 19 மில்லிமீட்டர் குழாய்கள், திருகி இறுக்கும் லாக், கூடவே ஒரு பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்பி இறுக்கும் உருண்டைத் தலை). எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மடக்கினால் முதுகுப்பைக்குப் பக்கவாட்டில் நிற்கும். மவுண்ட் ரோடு பக்கத்தில் ஒரு கடையில் 19,000 சொன்னார்கள், பேரம் பேசி 18,500க்கு எடுத்தேன். பில் போடும்போது அந்தப் பையன், "சார், 12 கிலோ தாங்கும்" என்றான். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே ஒன்றரைக் கிலோ வராது. 12 கிலோ தாங்கி நான் என்ன அரிசி மூட்டையா வைக்கப்போகிறேன்?

அந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள். எடை தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான லென்ஸை மாட்டி, ஸ்கிரீனில் முழுசாகப் பெரிதாக்கி, எதிரே இருக்கும் போர்டில் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை விரலால் தட்டுங்கள். எழுத்து ஆடி நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். என்னுடையதில் நடுத்தண்டு (உயரம் கூட்ட நடுவில் மேலே தூக்கும் குழாய்) இறக்கியிருந்தால் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். நடுத்தண்டை முழுசாகத் தூக்கினால் மூன்று, நாலு என்று போகும். அதாவது நடுத்தண்டு இருப்பது விளம்பரத்தில் உயரம் காட்டத்தான். நான் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன், கொஞ்சம் எடையும் குறைந்தது.

எடை பற்றிப் புலம்பும்போதெல்லாம் எனக்கு லின்னேயஸ் டிரைப் ஞாபகம் வரும். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர், 1857-58ல் திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த ஆள். ஏறக்குறைய ஒரு அடி அகலமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளமுமான காகித நெகட்டிவ், அதற்கேற்ற பெட்டி கேமரா, ரசாயனம், எல்லாம் மாட்டுவண்டியில் போயிற்று. வானம் வெறிச்சென்று இருந்தால் நெகட்டிவிலேயே மேகம் தீட்டிவிடுவார். (இன்றைக்கு ஆப்பில் வானத்தை மாற்றுகிறவர்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.) அவருக்கு மாடு இருந்தது. எனக்கு இருப்பது கீழ்முதுகில் எல்-4, எல்-5 எலும்புக்கு நடுவில் ஒரு வலி. அதனால் கார்பன்.

அந்த விதத்தில் முதல் வருடம் இது தங்கம். கொழுக்குமலைக்கு எடுத்துப் போனேன். ஊர் நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் ஏற வேண்டியது கேரளத்துப் பக்கம் சூரியநெல்லியில். விடியற்காலை நாலு மணிக்கு ஜீப்பில் ஏறினால், பாதை என்று அவர்கள் சொல்லும் அந்தப் பாறைக் குவியலில் எலும்பெல்லாம் இடம் மாறிவிடும். டிரைவர் தமிழ்தான். ட்ரைபாடை மேலே கட்டச் சொன்னேன், சிரித்துவிட்டு, "மடியில வச்சுக்கோங்கண்ணே, மேல கட்டினா அது எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்" என்றார். ஏழாயிரம் அடிக்கு மேல், கை விறைக்கும் குளிர். அலுமினியக் காலை அந்த நேரத்தில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனிக்கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். கார்பன் அப்படிக் கையைக் கடிக்காது. வெளிச்சம் வருவதற்கு முன்னால் எட்டு நொடி, பத்து நொடி எக்ஸ்போஷர்களில் (அவ்வளவு நேரம் கேமராவைத் திறந்து வைத்து) கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால் பொங்கின மாதிரி நகர்வதை எடுத்தேன். ஒரு படத்திலும் ஆட்டம் இல்லை. பாறையில் வைத்தால் இந்தச் சாதனம் பாறையாகவே நிற்கிறது. இறங்கி வரும்போது தோளில் இருப்பதே தெரியவில்லை.

பால் ஹெட்டில் மட்டும் ஒரு குறை. இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் ஒரு மயிரிழை கீழே சரியும். அகல லென்ஸில் தெரியாது. 200 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்து மலைமுகட்டை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து நிறுத்தினால் தெரியும், மானம் போகும். கொஞ்சம் மேலே தூக்கி இறுக்கப் பழகிக்கொண்டேன். 18,500 கொடுத்துவிட்டு நாம்தான் பழக வேண்டியிருக்கிறது.

அடுத்து தேரிக்காடு. எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி திருச்செந்தூரில் இறங்கி, குதிரைமொழித் தேரிப் பக்கம் போனேன். கணக்குப்படி பாலைவனம் கிடையாது, கடலோர மணல்மேடுதான், ஆனால் உள்ளே போய் நின்றால் சுற்றிலும் செக்கச்செவேல் என்று மேடு மேடாக மணல், அங்கங்கே பனை, வேறு ஒன்றும் இல்லை. மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு, மாலை ஐந்து மணிக்கு மேல் அது பற்றி எரிகிற மாதிரி ஆகிவிடும். நான் போனது ஜூலையில், அதுதான் முட்டாள்தனம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அந்த மாதங்களில் மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். எடை குறைவு என்று நான் கொண்டாடிய அதே ட்ரைபாட், அங்கே கொடிக்கம்பம் மாதிரி நடுங்கியது. அடியில் இருக்கும் கொக்கியில் பையைத் தொங்கவிட்டேன். பை ஊஞ்சலாட ஆரம்பித்து இன்னும் கேவலமாயிற்று. பையின் அடி தரையில் லேசாகத் தொடுகிற மாதிரி கயிற்றை இறக்கிவிட்டால் ஆட்டம் நிற்கும், இதை நான் கண்டுபிடிப்பதற்குள் வெளிச்சம் பாதி போய்விட்டது. கடைசியில் கால்களை அகட்டி, தரையோடு தரையாக வைத்து, நானும் குப்புறப் படுத்து எடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. சட்டைக்குள் போன தேரி மணல் சென்னை வரைக்கும் கூட வந்தது.

லாக்குக்குள்ளும் போனது. திருகினால் நறநற என்று ஒரு சத்தம், பல் கூசும். வீட்டுக்கு வந்து கால்களைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு குழாயின் மேல்நுனியிலும் இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும், குழாயை வெளியே இழுத்ததும் பொத்தென்று விழுந்துவிடும். அவற்றில் ஒன்றை அன்றைக்கே தொலைத்தேன். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம், கடல்.

நான் இருப்பது பெசன்ட் நகர். கார்ல் ஷ்மிட் மண்டபத்துக்கு நடந்தே போய்விடுவேன், உடைந்த பாலத்துக்கும் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். 1977 வெள்ளத்தில் போன பாலம், அடையாறு முகத்துவாரத்தில் அப்படியே பாதியில் நிற்கிறது, சென்னையில் லாங் எக்ஸ்போஷர் எடுக்கிற எல்லாரும் ஒரு தரமாவது அதை எடுத்திருப்பார்கள். நமக்கு சூரியன் கடலிலிருந்துதான் எழும். மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்னாலேயே, ஜனவரியில் ஆறரைக்கு மேல். சூரியன் வந்தபிறகு வெளிச்சம் அதிகம், அலையைப் பஞ்சு மாதிரி எடுக்க வேண்டுமென்றால் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) வேண்டும். அது வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால், முப்பதில் ஒரு நொடி வேண்டிய படத்துக்கு சுமார் 34 நொடி திறந்து வைக்கலாம். அந்த 34 நொடியும் ட்ரைபாட் அசையக் கூடாது.

ஆனால் அசையும். அலை திரும்பிப் போகும்போது காலைச் சுற்றியிருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும், நாம் கரையில் நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் குறுகுறுவென்று இறங்குமே, அதேதான் அதற்கும் நடக்கிறது. முன்கால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும், தொடுவானம் சரிந்து படம் குப்பை. நான் செய்வது இது: கால்களை முழுசாக விரிக்காமல் கொஞ்சம் ஒடுக்கி வைத்து, கைப்பிடி அளவு ஆழத்துக்கு மணலில் அழுத்திவிட்டு, மூன்று அலை வந்துபோகும் வரை சும்மா இருப்பேன். முழுசாக விரித்து அழுத்தினால் கால்கள் இன்னும் அகலப் பார்க்கும், மேலே இருக்கும் கீல் விரிசல் விடும். அப்புறம், வழக்கமாகத் தடித்த துண்டைத்தான் முதலில் நீட்டுவோம், கடலில் மட்டும் அடியில் இருக்கும் ஒல்லித் துண்டை முதலில் நீட்டிவிடுங்கள், லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும். அதனால் ஆட்டம் கொஞ்சம் கூடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

ஒருநாள் பாலத்துப் பக்கம் இப்படி அலைக்காகக் காத்து நிற்கும்போது, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, "இன்னாத்துக்குப்பா அளக்குற? எங்க வூட்ட இடிக்கவா?" என்றார். ட்ரைபாடைப் பார்த்து சர்வேக்காரன் என்று நினைத்துவிட்டார். "இல்லம்மா, போட்டோதான்" என்று ஸ்கிரீனைக் காட்டினேன். 34 நொடிப் படத்தில் அலையெல்லாம் அழிந்து, வெறும் புகை. நன்றாகப் பார்த்துவிட்டு, "கடல எங்கப்பா காணோம்?" என்றார். இதுவரை என் படங்களுக்கு வந்த விமர்சனத்திலேயே நியாயமானது அதுதான்.

ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவினேன். பக்கெட்டில் ஊறவைத்து, துடைத்து, பால்கனிக் கொடியில் தொங்கவிட்டேன். "கருவாடு மாதிரி என்னடா இது" என்று அம்மா கேட்டார். அவ்வளவு செய்தும் இரண்டாவது வருட முடிவில் லாக் மாட்டியிருக்கும் அலுமினிய வளையத்துக்கும் கார்பன் குழாய்க்கும் நடுவில் வெள்ளையாகப் பொடி தெரிந்தது. விபூதி மாதிரி. துடைத்தேன், திரும்ப வந்தது. போன கார்த்திகையில் ஒரு காலை நீட்டியபோது வளையம் கையோடு வந்துவிட்டது, குழாய் மணலில் நிற்கிறது.

கம்பெனிக்குப் படத்தோடு எழுதினேன். உப்பினால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று இரண்டு வரியில் பதில். அதே கம்பெனியின் விளம்பரத்தில் ஒருவர் இடுப்பளவு கடலில் ட்ரைபாடோடு நிற்கிறார், அந்தப் படத்தையும் இணைத்துத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

சரி என்று அம்பத்தூரில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரியும் அலுமினியமும் உப்புத்தண்ணியில சேர்ந்தா பேட்டரிதான தம்பி, அலுமினியம்தான் கரையும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத்தண்ணீர் நடுவில் இருந்தால் மெல்லிய மின்னோட்டம் ஓடி அலுமினியம் அரிக்கப்படும், பசை விட்டுப்போகும். நன்றாகச் செய்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி நாரை வைத்துப் பிரித்துவிடுவார்கள். என்னுடையதில் வெறும் பசை. அண்ணன் பொடியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மெல்லிய கண்ணாடி நார்த் துணியைச் சுற்றி, அரால்டைட் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது என்று அலமாரி மேலே வைத்துவிட்டார். 300 ரூபாய். மற்ற இரண்டு காலும் எப்படியும் வரும், அப்போது வா என்றார்.

இப்போது கடலுக்கு வேறு ட்ரைபாட். 3,500க்கு யாரோ உபயோகித்த பழைய அலுமினியம், கிளிப் லாக், இரண்டரைக் கிலோ, பார்க்க லட்சணமே இல்லை. அலையில் நன்றாக நிற்கிறது. அதுவும் ஒருநாள் அரித்துப்போகும், 3,500தானே. கார்பன் மலைக்கு மட்டும். கட்டிடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குள் எந்த ட்ரைபாடும் முன் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், தொல்லியல் துறை விதி, அங்கே சண்டை போட்டுப் பயனில்லை.

மார்க் கேட்டால் மலைக்கு ஐந்துக்கு நாலரை, தேரிக்கு மூன்று, கடலுக்கு ஒன்று. சர்வீஸுக்கு மார்க் போட மனசில்லை. தேரி மணலைக் கழுவும்போது தொலைத்த பிளாஸ்டிக் பட்டையைக் கம்பெனியிடம் கேட்டிருந்தேன், இரண்டு மாதம் கழித்து கூரியரோடு சேர்த்து 650 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நான் கேட்டது 22 மில்லிமீட்டர் குழாய்க்கு, வந்தது 25க்கு. தண்ணீர் பாட்டிலை வெட்டி நானே ஒன்று செய்து போட்டிருக்கிறேன், இன்றுவரை நிற்கிறது. அந்த 25 பிரிக்காமல் மேஜை டிராயரில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பீச்சுக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.